சிமென்ட் ஏறும், என் மகள் ஏற மாட்டாள்

அன்று காலை பத்து மணி இருக்கும். நிறைந்த சட்டியைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன்.

எனக்குப் பின்னால் ரெத்தினம் அக்கா வந்துகொண்டிருந்தாள். நான் வைத்ததைப் பார்த்தாள். அவளும் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். பலகைச் சரிவின் அடியில் பதினான்கு சட்டிகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. உள்ளே கலவை ஈரத்தோடு மினுங்கியது.

மிக்சர் மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு விஷயம் தெரியாது.

"ஏய், என்னாச்சு? யாராவது விழுந்துட்டாளா?" மேலேயிருந்து ஞானமுத்து மேஸ்திரி கத்தினார்.

"யாரும் விழல. நிறுத்திட்டோம்," என்றேன்.

அது ஒரு பள்ளிக்கூடம். பெயர் எழுத மாட்டேன். பழைய கட்டிடத்தின் மேல் புதிதாக ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அன்று கூரைக்கு வார்ப்பு. வார்ப்பு என்றால் கான்கிரீட் தளம் போடுவது. திருவனந்தபுரத்தில் கட்டிட வேலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

வார்ப்பைத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் பழையதும் புதியதும் ஒட்டாது. அந்த இடத்தில் ஆயுசுக்கும் மழைத் தண்ணீர் இறங்கும். இது படித்த என்ஜினீயருக்கும் தெரியும், சட்டி சுமக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

இது எழுபதுகளில் நடந்தது. பெர்மிட் இல்லாமல் சிமென்ட் கிடைக்காத காலம். துலா மழைக்கு, அதாவது ஐப்பசி மழைக்கு, இன்னும் சில நாள்தான் இருந்தது. நனைந்து இறுகிய சிமென்டை யாரும் திரும்ப மூட்டை கட்ட முடியாது.

பள்ளிக்கூடத்து முதலாளியான மானேஜர் கார் ஷெட்டிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் குடை.

"எந்தா இது? சாயா நேரம் ஆயில்லல்லோ?"

"சாயா வேண்டாம் சார். சரிவு வேணும். என் மக கிளாஸுக்கு ஏற."

அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அது ஏன் என்று சொல்ல, முதலில் பிரேமாவைச் சொல்ல வேண்டும்.

தேயிலைக்கு ஒரு வழி, எங்களுக்கு ஒரு வழி

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் பிறந்ததையும் ஐந்தாம் கிளாஸோடு கூடையைத் தோளில் போட்டதையும் முந்தின வாரங்களில் எழுதியிருக்கிறேன். பிரேமாவும் அங்கேதான் பிறந்தாள். ஒன்றரை வயதில் நன்றாக ஓடினாள். இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கால் இரண்டும் துவண்டுவிட்டன. வித்துராவுக்கு லாரியில் இறக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. போலியோ என்றார்கள். அந்த வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன்.

தேயிலை ஃபாக்டரியில் பெட்டி ஏற்றுகிற இடத்தில் ஒரு சிமென்ட் சரிவு இருக்கும். தேயிலைப் பெட்டி குலுங்கக் கூடாது. சின்ன வண்டியில் வைத்து மெல்ல உருட்டுவார்கள். கொழுந்து சுமந்த நாங்கள் பக்கத்துப் படியில் ஏறுவோம். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு பட்டணத்துக்கு இறங்கினோம். என் வீட்டுக்காரருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் சுமட்டு வேலை. அங்கும் லாரிக்கும் கடைக்கும் நடுவில் பலகை போட்டிருப்பார்கள். அரிசி மூட்டை அதில் இறங்கும். நான் கட்டிட வேலைக்குப் போனேன். அங்கும் பலகைச் சரிவு. கட்டிடம் முடிகிறவரை இருக்கும். முடிந்ததும் கழற்றிவிட்டுப் படி கட்டுவோம்.

சிமென்ட் ஏற வழி செய்வார்கள். அரிசி இறங்க வழி செய்வார்கள். என் பிள்ளைக்கு வந்தால் மட்டும் "எப்படி முடியும்?" என்பார்கள்.

நாற்காலியை ஆரியசாலையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் செய்துகொடுத்தார். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட இரும்பு நாற்காலி அது. பின்னால் இரண்டு சைக்கிள் சக்கரம், முன்னால் கையளவு உருளை இரண்டு. சக்கரத்துக்கு வெளியே கை வைத்துத் தள்ள ஒரு வளையமும் பற்றவைத்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்த முதல் நாள் பிரேமா எங்கள் சந்தின் கடைசிவரை தனியாகப் போனாள். திரும்பி வர மாட்டேன் என்றாள். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தாள்.

ஏழு படி

ஏழாம் கிளாஸ் வரை ஒரு தொல்லையும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டகை. தரை மண். ஏழைப் பள்ளிக்கூடத்துக்குப் படி கட்டக் காசு இல்லை, அதனால் என் மகள் படித்தாள். மலையாளத்தில் முதல், கணக்கில் இரண்டாவது. வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மலையாளம்.

எட்டுக்கு ஹைஸ்கூல் போக வேண்டும். நான் சட்டி சுமந்துகொண்டிருந்த அதே பள்ளிக்கூடம். எனக்குச் சந்தோஷம். ஒரே இடத்தில் இருப்போம் என்று நினைத்தேன்.

வராந்தாவுக்கு ஏழு படி.

மேஸ்திரிமார் படியை எண்ணும்போது லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அங்கே ஆறு போதும். லாபத்துக்காக ஏழாவது ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று ஞானமுத்து மேஸ்திரி சொன்னார். யாருக்கு லாபமோ தெரியாது.

முதல் நாள் பியூன் வந்து பிரேமாவைத் தூக்கினான். அக்குளுக்கு அடியில் கைவிட்டு, பாவாடை ஏறிப்போனதைக்கூடப் பார்க்காமல். பதின்மூன்று வயதுப் பெண். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தன.

மறுநாளிலிருந்து நான் தூக்கினேன். ஏழரை மணிக்கு மேலே கொண்டு உட்கார்த்திவிட்டு, நாற்காலியைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு வேலையில் இறங்குவேன். சாயங்காலம் தூக்கி இறக்குவேன். நடுவில் அவள் இறங்க முடியாது. கக்கூஸ் கீழே, பின்பக்கம்.

அவள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். எனக்கு அது தெரியவே ஒரு மாதம் ஆனது. உதடு வெடித்திருந்தது. பனியால் என்று நினைத்து வெண்ணெய் தடவினேன். அப்போது பனியே இல்லை. எவ்வளவு மடச்சி நான்.

"ஏன் புள்ள குடிக்கல?"

"குடிச்சா போகணும். போகணும்னா உன்னைக் கூப்பிடணும். நீ சட்டியோட மேல நிப்ப."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

இரண்டு வாசல்

பெரிய டீச்சரிடம் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் நல்லது எதுவும் அவர் கையில் இருக்காது.

"எட்டாம் கிளாஸைக் கீழ முற்றத்துல இருக்கிற கொட்டகையில வைக்கலாமே டீச்சர்?"

"அது லேபரட்டரி. குட்டி வீட்டிலிருந்து படிக்கட்டும். பரீட்சைக்கு மட்டும் வந்தால் மதி, அது போதும்."

"மத்த பிள்ளைகளும் வீட்ல இருந்து படிக்குமா?"

மானேஜரைக் கேள் என்றார்.

மானேஜர், "டீச்சர்மாருக்குச் சம்பளம் தருவது சர்க்கார். சர்க்காரைக் கேள்," என்றார்.

சர்க்கார் ஆபீஸுக்குப் போனோம். மனுவை மலையாளத்தில் பிரேமாவே எழுதினாள். மூன்று தடவை நகல் எடுத்து, ஒரு அடித்தல் இல்லாமல். ஆபீஸ் மாடியில் இருந்தது. அவள் கீழே மாமரத்தடியில் இருந்தாள். அவள் எழுதியதை அவள் கொடுக்க முடியவில்லை. நான் கொண்டுபோனேன்.

கிளார்க் படித்தான். "கையெழுத்து நன்றாயிருக்கிறதே. யார் எழுதியது?"

"என் மக. கீழ இருக்கா."

"மேலே வரச் சொல்லு."

"அவ மேல வர முடியாதுன்னுதான சார் மனுவே."

பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் தந்தான். "கட்டிடம் மானேஜருடையது. சர்க்காருக்கு அதில் கை வைக்க அதிகாரமில்லை. மானேஜரைக் காணு."

இந்த வாசலில் கேட்டால் அந்த வாசல். அந்த வாசலில் கேட்டால் இந்த வாசல். எத்தனை தடவை நடந்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் பாதி நாள் வேலை போனது. ஒருத்தனும் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போடலாம். இவர்கள் அடுத்த வாசலைக் காட்டினார்கள்.

கடைசித் தடவை மானேஜர் கொஞ்சம் மனம் திறந்து பேசினார். "ஒரு குட்டிக்கு வேண்டியா இத்தனையும்?"

"அவ ஒருத்திதான் வாசல் வரைக்கும் வந்திருக்கா சார். மத்ததெல்லாம் வீட்ல கெடக்கு."

பொய் சொல்லவில்லை. எங்கள் சந்தில் மட்டும் அப்படி இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

நான் செய்த தப்பு

இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். நாமே கட்டுவோம்.

ஞானமுத்து மேஸ்திரி மீந்துபோன கலவைக்குக் கண்ணைக் காட்டினார். உடைந்த செங்கல் முற்றத்தில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர், ரெத்தினம் அக்கா முன்னால் நின்று, படியின் ஒரு ஓரத்தில் சரிவு கட்டினோம். சாயங்காலத்துக்குள் முடிந்தது. நல்ல வேலை. நான் பெருமைப்பட்டேன். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரி வரியாகத் திட்டும் போட்டோம். பலகைச் சரிவில் சாண் இடைவெளிக்கு ஒரு சட்டம் அடித்திருப்பார்களே, அதே மாதிரி.

புதன்கிழமை பிரேமாவைக் கொண்டுபோனேன்.

முதல் திட்டில் முன் உருளை முட்டியது. தள்ளினேன். குதித்தது. இரண்டாவதில் முட்டியது. நானும் விடவில்லை, முட்டிக்கொண்டு தள்ளினேன். நாலாவது திட்டில் நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. எடை தாங்காமல் என் கை விட்டுவிட்டது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். தாடை பிளந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"அம்மா, நீ இதுல ஒரு தடவை உட்காரு."

"எதுக்கு?"

"உட்காரு."

ஐந்து வருஷம் அந்த நாற்காலியைத் தள்ளியிருந்தேன். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

"இப்ப அந்த வாசல்படியைத் தாண்டு."

எங்கள் வீட்டு வாசல்படி இரண்டு விரல் உயரம். சக்கரத்தைத் தள்ளினேன். தோள் வரை வலித்தது. முன் உருளை முட்டி நின்றது. இன்னும் தள்ளினேன். தலை பின்னால் போனது. பயந்து சுவரைப் பிடித்தேன்.

"நீ கட்டினது சட்டி சுமக்கறவங்களுக்கு. அவங்களுக்குக் கால் இருக்கு," என்றாள்.

சரிதான். எங்களுக்குத் தெரிந்த சரிவு அது ஒன்றுதான். செங்குத்தாக, வரிவரியாக, தலையில் பாரத்தோடு பாதம் பிடிக்க. கட்டத் தெரிந்த நாலு பேர் சேர்ந்து அவளுக்கு ஒரு எட்டாவது படியைக் கட்டியிருந்தோம். மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்று என் மேலேயே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மானேஜர் வந்து பார்த்தார். அவருக்கு நல்லதாகப் போயிற்று. "கண்டில்லே? அபகடம், பெரிய ஆபத்து. குட்டி செத்துப்போனால் யார் பதில் சொல்லும்?" என்றார். சம்மட்டி கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஆட்களை வைத்தே உடைக்கச் செய்தார். உடைத்த கல்லை நான்தான் சுமந்து கொட்டினேன். கூலி அவர் கூலி. மாட்டேன் என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

முற்றத்தில் ஒரு மாணவி

தையல் பிரித்த பிறகு பிரேமா சொன்னாள்: "இனி என்னைத் தூக்கக் கூடாது."

"அப்ப எப்படி மேல போவ?"

"போக மாட்டேன். கீழ இருப்பேன்."

இருந்தாள். படிக்குக் கீழே, வெயில் வந்தால் கொஞ்சம் நகர்ந்து. ஜன்னல் வழியாகப் பாடம் காதில் விழும். அங்கிருந்தே எழுதினாள். மழை தூறினால் சிமென்ட் ஷெட்டில் மூட்டைகளுக்கு நடுவில். கக்கூஸுக்குத் தானே போனாள். தண்ணீர் குடித்தாள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, கிளாஸ் டீச்சர் அவளுக்குத் தினமும் ஆப்சென்ட் போட்டிருந்தார்.

பெரிய டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், அவ தினமும் வந்திருக்கா. நீங்களே பாத்திருக்கீங்க."

"கிளாஸுக்குள்ளே இல்லாத குட்டிக்கு எப்படி ஹாஜர் போடுவது?"

"பத்தடி தூரத்துல இருக்கா."

"பத்தடியோ பத்து மைலோ, உள்ளே இல்லை. இப்படியே போனால் பேரு வெட்டும். நான் செய்கிறதில்லை, சட்டம்."

பேர் வெட்டுவார்களாம். அவள் ஒரு வழி வெட்டச் சொன்னாள். அவர்கள் அவள் பேரை வெட்டுகிறார்கள்.

மதியச் சோற்று நேரத்தில் ரெத்தினம் அக்காவிடம் சொன்னேன். மார்த்தாண்டத்துக்காரி. விதவை. மூன்று பிள்ளைகளைச் சட்டி சுமந்தே வளர்த்தவள். மோரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி மாரி, நீ கேக்க வேண்டிய நாள்ல கேக்கல்ல. மனு குடுத்தா அவன் விசிறிக்கிடுவான். வார்ப்பு எப்பம்?"

"வர்ற சனிக்கிழமை."

"அன்னைக்குக் கேளு."

அந்த வாரம் தினமும் சோற்று நேரத்தில் ஒரு வேலை செய்தோம். ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகையைச் சாய்த்துப் போட்டோம். நாலடிப் பலகை, ஆறடிப் பலகை, எட்டடி. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். "மகாராணி பல்லக்குல போறா," என்றாள் ஒருத்தி. பிரேமா சிரிக்கவில்லை. "இன்னும் நீளம், இன்னும் நீளம்," என்றாள். ஒரு அடி ஏறப் பத்தடி வேண்டியிருந்தது. ஏழு படிக்கும் சேர்த்து நாலு அடி. ஆக நாற்பது அடி நீளம். கயிற்றில் முடிச்சுப் போட்டு முற்றத்தில் பிடித்துப் பார்த்தாள்.

சுவரோரமாகப் போன கயிறு, மானேஜரின் கார் நிற்கும் ஷெட்டுக்குள் போய் முடிந்தது.

வார்ப்பு

சிரித்தார் என்று எழுதி நிறுத்தினேன். அங்கே வருகிறேன்.

சிரித்துவிட்டு, "பணி செய்ய வந்நதா, சமரம், ஸ்ட்ரைக்கு செய்ய வந்நதா?" என்றார்.

"ரெண்டுக்கும்," என்றாள் ரெத்தினம் அக்கா.

அவர் முகம் மாறியது. "போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவுங்க வந்து சட்டி சுமக்கட்டும். நாங்க இருந்து பாக்குதோம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மாட்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

மேலேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கம்தான். ஆனால் வார்ப்பு அவர் பிள்ளை மாதிரி. "சார், வெயில் ஏறுது. போட்ட விளிம்புல நனைஞ்ச சாக்குப் போட்டிருக்கேன். இன்னும் அரை மணி தாங்கும். அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல."

மானேஜர் குரலை இறக்கினார். "சரி. மாடி முடியட்டும். பிறகு செய்து தருகிறேன். என்னை விசுவாசமில்லையா?"

"இல்லை சார்," என்றேன்.

அப்படி ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கையில் சுற்றியிருந்த சும்மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

"மாடி முடிஞ்சா நாங்க வேற சைட். இவ பேரு வெட்டியிருக்கும். உங்க கார இப்ப எடுங்க. ஷெட்டு வரைக்கும் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டட்டும். மொதல் சட்டி அதுல விழட்டும். அப்புறம் மேல ஏறும்."

"அதில் போட்டால் மட்டும் எப்படி விசுவாசம் வரும்?"

"உங்க பெர்மிட் சிமென்ட்டு சார். உங்க சிமென்ட்ட நீங்க உடைக்க மாட்டீங்க."

அவர் என்னை விட்டுவிட்டுப் பிரேமாவிடம் திரும்பினார். அவள் படிக்குக் கீழே, முடிச்சுப் போட்ட கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சனிக்கிழமை ஆனாலும் வந்திருந்தாள்.

"மோளே, நல்ல குட்டியல்லே. அம்மையிடம் சொல்லு."

அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், நான் ஹாஜரில் இல்லாத பிள்ளை. இங்கே இல்லாதவளிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?"

மெஷின் மட்டும் சுற்றியது.

மானேஜர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே பொன்முடி மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

கார் வெளியே போனது. இரண்டு ஆட்கள் ஷெட்டின் முன் தட்டியைப் பிய்த்தார்கள். பிரேமா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை ரெத்தினம் அக்கா பிடித்தாள். கீழே இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மண்வெட்டி போட்டார்கள். ஒரு முழம் ஆழம் போதும் என்றார் மேஸ்திரி. தோண்டத் தோண்ட நான் மானேஜரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நிறுத்து என்று காட்டுவாரோ என்று. காட்டவில்லை.

முதல் சட்டியை நான் கவிழ்த்தேன். வரிசையில் இருந்த பதினான்கும் வாணத்தில் விழுந்தன. பிறகு மேலே ஏறினோம். இருட்டும் வரை நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட யாரும் உட்காரவில்லை. பாதியில் நின்ற இடம் ஒட்டியதா என்று மேஸ்திரி மூன்று தடவை தட்டிப் பார்த்தார். ஒட்டியிருந்தது. எங்களுக்கும் வேலை தெரியும். அதைக் கெடுக்க நாங்கள் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் சுவர் வைத்து, மண் நிரப்பித் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, மேல்தளம் போட்டோம். கடைசியில் மேஸ்திரி கரண்டி விளிம்பைக் குறுக்கே வைத்து ஒரு கோடு இழுத்தார். கைப்பழக்கம். "அய்யோ, வரி வேண்டாம்!" என்று பிரேமா கத்திய கத்தில் பெரிய டீச்சர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்து அழித்தார். சொரசொரப்புக்கு விளக்குமாற்றால் லேசாக இழுத்ததோடு சரி.

பத்து நாள் சாக்கு நனைத்துப் போட்டோம். ஆடு ஏறாமல் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை

ஒரு திங்கட்கிழமை காலை பிரேமா அதில் ஏறினாள். பின்னால் கை கொடுக்கப் போனேன். "வேண்டாம்," என்றாள். பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. மறுபடி தள்ளினாள். வராந்தாவில் திரும்பினாள். கிளாஸுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், உள்ளே போனாள். அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். அதற்கு எங்களுக்கு ஐந்து மாதமும் அவள் தாடையில் ஆறு தையலும் ஆயிற்று.

மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார். காலால் மணலைக் கிண்டினார்.

"மாரி, நாளையிலேர்ந்து இந்த சைட்ல உன்னைச் சேக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"ரெத்தினம் அக்காவ?"

"உன்னை மட்டும்."

"சரி."

"என் மேல கோவமா?"

"உங்க மேல இல்ல."

சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பெரிய டீச்சர் சரிவு வழியாகவே இறங்கி வந்தார். முழங்கால் வலிக்காரர். படியை விட அது சுகமாக இருந்திருக்கும்.

"இப்போள் சந்தோஷமாயில்லே?" என்றார்.

"ஆப்சென்ட் போட்ட நாளெல்லாம் திருத்துவீங்களா டீச்சர்?"

"ரெஜிஸ்டரில் எழுதியதை எப்படித் திருத்துவது? பேரு வெட்டவில்லை. அது போதாதா?"

"போதாது."

அவர் பெருமூச்சு விட்டார். "உன்னிடம் நல்ல வார்த்தை சொல்ல வந்தால் இப்படி. சரி, இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து வழக்கு போடாதே. அடுத்த வருஷம் ஒன்பதாம் கிளாஸ் புதிய மாடியில். மானேஜர் தீர்மானித்துவிட்டார்."

மேலே பார்த்தேன். நாங்கள் வார்த்த கூரை. முட்டுக்கட்டைகூட இன்னும் பிரிக்கவில்லை.

"ஒன்பது கீழதான் நடக்கும் டீச்சர்."

"யார் சொன்னது?"

"மாடிக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி இருக்கு. தரை பாக்கி. சட்டி சுமக்கப் போறது ரெத்தினம் அக்காவும் அந்தப் பன்னிரண்டு பேரும். மானேஜர்கிட்ட சொல்லுங்க."

சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

ஒன்பதாம் கிளாஸ் கீழே நடந்தது. பத்துக்கு மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.